அன்ரிபயோட்டிக்குக்குக் கேட்காத செந்தடிப்பு: தோல் கிளினிக் டொக்டரிடம் கேட்டவை

சாவகச்சேரியிலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு இரத்தப் புற்றுநோய் (லியுக்கீமியா). கால் செந்தடிப்பைச் செலுலைட்டிஸ் (தோலுக்குள்ள கிருமித்தொற்று) எண்டு சொல்லி அன்ரிபயோட்டிக் ஏத்தினவை. வத்தேல்லை. இப்ப பயொப்சி எடுக்க வேணுமாம், ஏன் டொக்டர்?

பதில்: மருந்துக்குக் கேட்காவிட்டால், அது செலுலைட்டிஸ்தானா என்று திரும்பப் பார்க்க வேணும் பிள்ளை. புற்றுக் கலங்கள் தோலுக்குள்ளேயே வந்து சேர்ந்தும் தடிப்பு எழும்பும். அதற்கு லியுக்கீமியா கியூட்டிஸ் என்று பெயர். சிவப்பு, கபிலம், ஊதா என்று எந்த நிறத்திலும் வரும்; தொட்டால் இறுக்கமாக இருக்கும், பெரும்பாலும் நோகாது. செலுலைட்டிஸ் என்றால் சுடும், நோகும். ஆனால் இதை வைத்து வீட்டிலே முடிவு கட்டாதேங்கோ. சீழ் இல்லையென்பதால் கிருமி இல்லையென்றும் சொல்ல முடியாது: சீழ் என்பதே பெரும்பாலும் செத்த வெண்குருதிக் கலங்கள்தான். நல்ல வெண்குருதிக் கலம் குறைந்தவருக்குக் கிருமி புகுந்தாலும் சீழ் கட்டாமல் போகலாம். அதனால்தான் தோலில் சின்னத் துண்டு எடுத்து (அதுதான் பயொப்சி), ஒரு பாதியை நுணுக்குக்காட்டிக்கும் மறுபாதியைக் கிருமி வளர்ப்புக்கும் அனுப்புகிறோம். பல் முரசும் வீங்கியிருந்தால் உங்கள் டொக்டரிடம் சொல்லுங்கோ. மொனோசைற் (ஒரு வகை வெண்குருதிக் கலம்) வகை லியுக்கீமியாவில் இரண்டும் சேர்ந்து வருவதுண்டு.

நல்லூர்: தடிப்பு பேரப்பிள்ளைக்குத் தொத்துமா?

பதில்: புற்றுக் கலம் தொற்றாது. பிள்ளைக்குத் தடிமல் என்றால் மட்டும் தள்ளி வையுங்கோ, ஆபத்து தாத்தாவுக்குத்தான்.

கொக்குவில்: அம்மாவுக்குக் காய்ச்சலோட நோகிற செந்தடிப்பு. கிருமி இல்லையெண்டு ஸ்ரீரொயிட் குடுக்கினம். பயமா இருக்கு.

பதில்: ஸ்வீற் நோயாக இருக்கலாம். 1964இல் றொபேட் ஸ்வீற் என்ற மருத்துவர் விவரித்தது, லியுக்கீமியாவோடும் வரும். பார்வைக்கு அச்சாகக் கிருமித்தொற்றுத்தான், ஆனால் ஸ்ரீரொயிட்டுக்குச் சில நாளிலேயே அடங்கும். கிருமி இல்லையென்று பார்த்த பிறகுதானே கொடுக்கிறார்கள், பயப்படாதேங்கோ.

பருத்தித்துறை: கீமோ எடுக்கிற தம்பிக்குத் தொடையில கறுத்தப் பொருக்கு, காய்ச்சலும். உண்ணிக்காய்ச்சலோ?

பதில்: இதை வாசித்தவுடனே ஆசுபத்திரிக்குப் போங்கோ! எங்கள் பக்கத்தில் கறுத்தப் பொருக்கு என்றால் உண்ணிதான் நினைவுக்கு வரும். ஆனால் கீமோவில் இருப்பவருக்குச் சூடோமோனாசு கிருமி இரத்தத்தில் கலந்தாலும் இப்படிப் பொருக்கு வரும்; சில மணித்தியாலத்தில் ஆளைச் சாய்த்துவிடும். காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தாண்டினால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. எண்ணெய் பூசுவது, பத்துப் போடுவது ஒன்றும் வேண்டாம்.

மானிப்பாய்: இரத்த ரிப்போட் நல்லாயிருக்க, தோலில மட்டும் லியுக்கீமியா வருமா?

பதில்: அரிதாக வரும். இரத்தத்தில் தெரிவதற்கு மாதக்கணக்கில் முன்னரே தோல் காட்டிவிடும். என்புமச்சைப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதேங்கோ. பூச்சு மருந்தால் இது மாறாது. முழு உடம்புக்கும்தான் வைத்தியம்.