பாறைத் தோட்டத்தில் அதிகம் கவனிக்காமலேயே ஆண்டுதோறும் பூக்கும் செடி எது?

தயங்காமல் செடம் (Sedum) என்ற சதைப்பற்றுச் செடியை வையுங்கள். தடித்த இலைகளில் நீரைச் சேமித்துக்கொள்ளும். பல வகைகள் வறட்சியின்போது இலைத்துளைகளைப் பகலில் மூடி இரவில் திறப்பதால் ஈரம் வீணாவதில்லை. அதைச் சாகடிப்பது பெரும்பாலும் வெயில் அல்ல, நம் பூவாளிதான்! வேரடியில் நீர் தேங்கினால் தண்டு கறுத்துக் குழகுழத்துப்போகும். எனவே மண்ணில் சரிபாதி பருமணல் கலந்து, தினமும் 6 மணி நேரமாவது வெயில் படும் இடுக்கில் நடுங்கள். தண்டைச் சுற்றிப் பொடிச் சரளை பரப்புங்கள். உரம் வேண்டாம், ஊட்டம் மிஞ்சினால் தண்டு நீண்டு சாயும். ஒடிந்த துண்டுகளை எறியாதீர்கள். வெட்டுவாய் உலர்ந்தபின் மண்ணில் செருகினால் வேர்விடும். சிறு பாறைகளுக்கிடையே என்றால், உயரமாக வளராமல் தரையோடு படரும் வகையாகக் கேட்டு வாங்குங்கள்.