பழைய டீசல் கார்: மாருதி பலேனோவா, ஹூண்டாய் எலீட் ஐ20-யா?

இரண்டில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பின் இருக்கையில் வயதான பெற்றோர் அமர்வார்கள் என்பதால், 40,000 ரூபாய் கூடுதலானாலும் 2017 ஐ20-யையே எடுங்கள். பலேனோவில் பின்வரிசைக்கு ஏசி துவாரம் கிடையாது. ஐ20-யின் பெரும்பாலான வேரியன்ட்களில் (ஒரே மாடலில் வசதிகளைப் பொறுத்து வரும் வகைகள்) உண்டு. மே மாத வெயிலில் அது ஒன்றே போதும். கதவைத் தட்டிப் பார்த்தால் பலேனோவின் தகடு மெலிந்து ஒலிப்பதும் உங்களுக்கே தெரியும்.

நீங்கள் சொல்லும் அந்த 40,000 ரூபாய் வேறுபாட்டுக்கு வேரியன்ட் காரணமாக இருக்கலாம். ஆர்சி புத்தகத்தில் (வாகனப் பதிவுச் சான்று) அதைச் சரிபாருங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் இரண்டு சோதனைகள்:

1. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம்.

2. காலையில், விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்காத நிலையில், நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். (சூடான எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும்.)

ஆனால் மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடுவதாக இருந்தால் கணக்கு மாறும். அறிவிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு பலேனோவுக்கு 27.39 கிலோமீட்டர், ஐ20-க்கு 22.54 கிலோமீட்டர். அந்த ஓட்டத்துக்கு பலேனோவில் மாதம் சுமார் 24 லிட்டர் டீசல் மிச்சமாகும். 1,000 கிலோமீட்டர் என்றால் 8 லிட்டர்தான்.