ஞாயிறு மாலை வயிற்றைப் பிசைகிறது: வேலையை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 23, ஊர் தென்காசிப் பக்கம். சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. இரவு கிளையண்ட் கால் முடிந்து வந்து படுத்தால் தூக்கம் வருவதில்லை. ஞாயிறு மாலையானால் வயிற்றைப் பிசைகிறது. ஸ்கேனில் கோளாறு எதுவும் இல்லை. சந்தேகம் கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்பார்களோ என்று ஒரே பிழையோடு அரை நாள் மல்லுக்கட்டுகிறேன். கல்விக் கடன் இருப்பதால் வீட்டில் சொல்லத் தயக்கம். ராஜினாமா செய்துவிடலாமா?

பதில்: ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பதால் உங்கள் வயிற்று வேதனை கற்பனை என்று ஆகிவிடாது. திங்கட்கிழமையை மனம் ஆபத்தாகக் கருதத் தொடங்கியதுமே அட்ரினலின், கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரக்கின்றன. அதில் முதலில் தடுமாறும் உறுப்புகளில் குடலும் ஒன்று. கார்ட்டிசால் காலையில் உயர்ந்து நள்ளிரவை ஒட்டித் தாழ்வதே இயல்பு என்றாலும், பதினொரு மணிவரை அழைப்பில் பேசிவிட்டு, படுத்த பிறகும் அலுவலக வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தால் உடல் எளிதில் தணியாது. இரவு எட்டு மணிக் காபியில் உள்ள கஃபீனில் ஏறக்குறைய பாதி, ஒரு மணிக்கும் உங்கள் இரத்தத்தில் இருக்கும். கடைசிக் காபியை மாலை நான்கு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். போனைக் கட்டிலுக்கு எட்டாத இடத்தில் சார்ஜில் போடுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த அரை நாள்தான். கல்லூரியில் பாடத்திட்டம் இருந்தது, தேர்ச்சிக்கு ஒரு மதிப்பெண் இருந்தது. அலுவலகத்திலோ எவ்வளவு செய்தால் போதும் என்பதை யாரும் சொல்லாததால், புதிதாகச் சேர்ந்தவர் தனக்குத் தெரியாததை எல்லாம் தன் தகுதிக் குறைவாக எண்ணிக்கொள்கிறார். முதல் வேலையின் களைப்பில் பெரும்பகுதி வேலையால் அல்ல, தெரியாததை இப்படி மறைப்பதால் வருகிறது என்பது என் அனுபவம். இனி ஒரு மணி நேரம் முயன்றும் தீராத பிழையை டீம் லீடிடம் கொண்டுபோய், "இதையெல்லாம் சரிபார்த்துவிட்டேன், இந்த இடத்தில் நிற்கிறேன்" என்று சொல்லுங்கள். கையில் மூன்று டிக்கெட்டுகள், அதாவது முடிக்க வேண்டிய மூன்று வேலைகள் இருந்தால், இன்று எது முதலில் முடிய வேண்டும் என்று கேட்டு, அவர் சொன்னதை ஒரு வரி மின்னஞ்சலில் அவருக்கே உறுதிப்படுத்துங்கள்.

ராஜினாமா முடிவை இரவில் எடுக்காதீர்கள். இப்படி ஆறு வாரம் செய்து பாருங்கள். கேள்வி கேட்டதற்காகப் பலர் முன்னிலையில் அவமதிக்கும் இடமாக அது இருந்தால், நோட்டீஸ் காலத்தையும் கடன் தவணையையும் கணக்கிட்டு வேறு வேலை தேடத் தொடங்குங்கள். அது தோல்வி அல்ல. தீராத பணி அழுத்தத்தால் வரும் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் நோயாக அல்லாமல் பணிச்சூழல் சார்ந்த நிகழ்வாகவே வகைப்படுத்தியது. வீட்டில் எல்லோரிடமும் சொல்ல முடியாவிட்டாலும், அக்காவோ சித்தப்பாவோ, ஒருவருக்காவது தெரியட்டும்.

எதிலும் நாட்டமின்றி இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கான பிரிவு உண்டு. வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் காத்திருக்காமல் அப்போதே 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த இலவசச் சேவையில் 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். மருத்துவரிடம் போகும்போது, கடந்த ஒரு வாரம் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது தூங்கினீர்கள், எப்போது விழித்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.