மேரி மேஜர் பேராலயம் எந்த நாட்டில் இருக்கிறது?

கேள்வி: ரோமில் உள்ள மேரி மேஜர், லாத்தரன் பேராலயங்கள் வத்திக்கான் நாட்டைச் சேர்ந்தவையா, இத்தாலியைச் சேர்ந்தவையா?

மண் இத்தாலியுடையது. கட்டடம் திருப்பீடத்துக்கு, அதாவது திருத்தந்தையின் தலைமையில் இயங்கும் கத்தோலிக்கத் திருச்சபை நிர்வாகத்துக்குச் சொந்தம். தூதரகத்துக்கு இருப்பதுபோன்ற விலக்குரிமை அதற்கு உண்டு, அவ்வளவுதான். திருப்பயணம் போனபோது லாத்தரன் வாசலில் நின்று வழிகாட்டியிடம், "எல்லைக்கோடு எங்கேங்க?" என்று கேட்டு அசடு வழிந்தவன் நான். கோடே கிடையாது.

1870-இல் இத்தாலி ரோமைப் பிடித்ததிலிருந்து திருத்தந்தையர்களுக்கும் அரசுக்கும் முறுக்கு. 1929 பிப்ரவரி 11 அன்று முசோலினியும் திருத்தந்தை சார்பில் கர்தினால் காஸ்பாரியும் லாத்தரன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் அது தீர்ந்தது. 44 ஹெக்டேரில் வத்திக்கான் என்ற நாடு பிறந்தது. அதற்குள் அடங்காத பேராலயங்களுக்கும் அலுவலகங்களுக்கும் இந்தச் சிறப்பு நிலை கிடைத்தது. ரோமுக்கு வெளியே காஸ்தெல் கந்தோல்போ ஊரில் உள்ள திருத்தந்தையரின் கோடை மாளிகையும் தோட்டங்களும் மட்டும் 55 ஹெக்டேர். வீட்டைவிடக் கொல்லைப்புறம் பெரிது!

இதெல்லாம் வெறும் காகிதமா என்று கேட்டால், 1943-44-ஐப் பார்க்க வேண்டும். ஜெர்மானியர்கள் ரோமைப் பிடித்து வைத்திருந்த அந்த மாதங்களில், லாத்தரன் குருமடத்துக்குள் (குருவாகப் படிப்பவர்கள் தங்கும் இடம்) பாசிச எதிர்ப்பாளர்கள் ஒளிந்திருந்தார்கள். பின்னாளில் இத்தாலியின் பிரதமரான தே காஸ்பெரி அவர்களில் ஒருவர். ஆனால் இதே உரிமை புனித பவுல் பேராலயத்தைக் காப்பாற்றவில்லை. 1944 பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு ராத்திரி பாசிசப் போலீஸ் அங்கே புகுந்து, ஒளிந்திருந்த 60 பேருக்கும் மேல் பிடித்துக்கொண்டு போனது. அதே மாதம் காஸ்தெல் கந்தோல்போவில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மேல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டதில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். மேலே பறக்கிறவனுக்கு ஒப்பந்தப் பிரிவு எண் எங்கே தெரியப்போகிறது?

தலைகீழான வேடிக்கை ஒன்றும் உண்டு. புனித பேதுரு சதுக்கம் வத்திக்கான் மண்ணேதான். ஆனால் சாதாரண நாட்களில் அங்கே காவல் இத்தாலியப் போலீஸ். பேராலயப் படிக்கட்டோடு அவர்கள் அதிகாரம் நின்றுவிடும்.

நீங்கள் கேட்ட மேரி மேஜருக்கு வருகிறேன். 2025 ஏப்ரல் 26 அன்று திருத்தந்தை பிரான்சிஸின் சவப்பெட்டி பேதுரு பேராலயத்திலிருந்து புறப்பட்டு, ரோம் தெருக்கள் வழியாக அங்கேதான் போனது. சட்டக் கணக்கில், ஒரு நாட்டின் தலைவரைப் பக்கத்து நாட்டு மண்ணில் அடக்கம் செய்தார்கள்.