தொடையில் ரியூப் கட்டி ஓடினால் கால் அழுகுமா?

கேள்வி: வயது 19. 5,000 மீற்றர் ஓடுகிறேன். வீடியோ ஒன்றைப் பார்த்து, இரண்டு தொடையிலும் சைக்கிள் ரியூப்பை இறுக்கிச் சுற்றிக்கொண்டு குளக்கட்டில் 20 நிமிடம் ஓடினேன். கால் நாவல்பழ நிறமாகி விறைத்தது. தோலில் சிவப்புப் புள்ளிகளும் வந்தன. தசைக்கு ஒட்சிசன் போகாமல் கால் அழுகிவிடுமா? விரலில் மாட்டும் மெசின் 98 காட்டுகிறது. அடுத்த நாள் சலமும் கறுத்துப் போனது. இளநீர் குடித்து, நோவுக்கு டைக்ளோபெனாக் போட்டேன்.
- வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தம்பி, கால் அழுகாது, கழற்றவும் வராது. சத்திரசிகிச்சையில் தொடைக்குப் பட்டி போட்டு, இரத்த ஓட்டத்தை முழுதாக நிறுத்தியே ஒன்றரை மணித்தியாலம் வேலை செய்வார்கள். உங்கள் ரியூப் அந்தளவுக்குக்கூட நிறுத்தவில்லை. இரத்தம் திரும்பும் நாளத்தில் அழுத்தம் குறைவு, அதுதான் முதலில் நசியும். நாடி வழியே இரத்தம் வந்துகொண்டே இருக்கும். வரும் வாய்க்காலைத் திறந்துவிட்டு வடிகாலை அடைத்த வயல் மாதிரி, கால் நிரம்பிக் கறுக்கும். தேங்கிய இரத்தத்திலிருந்து தசை ஒட்சிசனை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் தசையின் ஒட்சிசன் அளவு இறங்கும். பட்டி இல்லாமல் வேகமாக ஓடினாலும் இறங்கத்தான் செய்யும். பட்டியோடு மெதுவாக ஓடும்போதே அந்த இறக்கம் வந்துவிடும். அவிழ்த்தால் புது இரத்தம் பாய்ந்து, அளவு பழைய இடத்துக்கு மேலேயே ஏறும்.

விரல் மெசின் இதில் எதையும் சொல்லாது. அது விரலுக்கு வரும் நாடி இரத்தத்தைப் பார்ப்பது. தசையைப் பார்க்க, தோலுக்கு மேலே ஒட்டி அகச்சிவப்பு ஒளி பாய்ச்சும் வேறு கருவி இருக்கிறது.

சிவப்புப் புள்ளிகள் ஒரு கிழமையில் மறையும், விடுங்கள். விறைப்பும் அவிழ்த்த கொஞ்ச நேரத்தில் போயிருந்தால் பிரச்சினை இல்லை. விறைப்புப் போகாவிட்டாலோ, பாதத்தை மேலே தூக்க முடியாவிட்டாலோ நரம்பு நசிந்திருக்கலாம், காட்ட வேண்டும்.

கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, சலம் கறுத்தது என்று, அதற்குத்தான் நீங்கள் பயந்திருக்க வேண்டும். தண்ணீர் காணாத சலம் கடும் மஞ்சளாக இருக்கும்; ஒரு லீற்றர் தண்ணீர் குடித்தால் சில மணித்தியாலத்தில் வெளுக்கும். பிளேன்ரீ நிறத்தில், கோலா நிறத்தில் போனால் கதை வேறு. தசை நார்கள் உடைந்து, அவற்றின் நிறப்புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய் அடைக்கிறது. கூடவே உடைந்த தசையிலிருந்து பொட்டாசியமும் வெளியேறும். அது கூடினால் இதயத் துடிப்புக் குழம்பும். இந்த நேரத்தில் டைக்ளோபெனாக் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். இளநீரோ பொட்டாசியம் நிறைந்த பானம். இரண்டையும் சரியாகத் தேடிப் பிடித்திருக்கிறீர்கள்!

சலம் இப்போது தெளிந்திருந்தாலும் இன்றே முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள். ரியூப் கட்டியதையும் குளிசை போட்டதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். இரத்தத்தில் சீ.கே. (தசை உடைந்தால் கூடும் நொதியம்), கிரியற்றினின் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டுவது), பொட்டாசியம் மூன்றும் பார்ப்பார்கள். கடுமையாக ஓடினாலே சீ.கே. கூடும், மேல் எல்லையின் ஐந்து மடங்கைத் தாண்டினால்தான் தசை உடைவு என்போம். தசை உடைந்திருந்தால், சலத்தில் தோய்த்துப் பார்க்கும் சோதனைத் தாள் இரத்தம் என்று காட்டும், நுணுக்குக்காட்டியில் செங்கலங்கள் இராது. அதுவே பெரிய தடயம். சேலைன் ஏற்றினால் பெரும்பாலும் சரிவரும், பிந்தாமல் போனால். அண்மையில் வயல் சேற்றில் இறங்கியிருந்து காய்ச்சலும் இருந்தால் அதையும் சொல்லுங்கள்: எலிக்காய்ச்சலும் கெண்டைக்கால் நோவோடும் கறுத்த சலத்தோடும் வரும். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், அல்லது மூச்சு இளைத்தால், இரத்தக் கட்டியாக இருக்கலாம். அதற்கும் காத்திருக்கக் கூடாது.

பட்டி கட்டிச் செய்யும் இந்தப் பயிற்சியை முறையாகச் செய்பவர்கள் அகலமான காற்றுப்பட்டி போடுவார்கள். அந்த ஆளின் காலில் இரத்த ஓட்டம் நிற்கும் அழுத்தத்தை முதலில் அளந்து, அதில் 40 முதல் 80 வீதம் மட்டும் ஏற்றி, கொஞ்ச நேரம் மட்டும் நடக்கவிட்டு அவிழ்ப்பார்கள். ரியூப்புக்கு அளவு ஏது? ஒவ்வொரு சுற்றும் முந்தியதன் மேல் இறுக்கும். ஓட ஓடத் தொடை வேறு புடைக்கும். ஒடுங்கிய பட்டி நரம்பில் ஒரே இடத்தில் வெட்டும்.

சீ.கே. இறங்கும்வரை நடை மட்டும். வீடியோவைப் பார்த்து உங்கள் கூட்டாளிகளும் கட்டியிருந்தால் ஒன்று கேளுங்கள்: தொடையில் ஷெல் துண்டு இருப்பவர், நாடி தைத்தவர், சிறுநீரக வருத்தம் உள்ளவர் யாரும் இருக்கிறார்களா? அவர்களுக்கு நல்ல பட்டியும் வேண்டாம்.