தோள்பட்டை அடிக்கடி கழன்றுவிடுகிறது. கீஹோல் ஆபரேஷன் செய்துகொண்டால் சரியாகுமா?

எனக்கு ஆறு முறை கழன்றது, பிறகுதான் ஆபரேஷன். முதல் தடவை 19 வயதில், கபடியில் ரெய்டு வந்தவன் காலைப் பிடிக்கப் பாய்ந்தபோது கை பின்பக்கமாக முறுக்கிக்கொண்டது. ஊரில் எண்ணெய்க்கட்டு போடுகிறவர் இழுத்து உட்காரவைத்தார். (இதைச் செய்யாதீர்கள், பக்கத்திலேயே நரம்பு ஓடுகிறது.) மூன்றே வாரத்தில் மறுபடி களத்தில் இறங்கினேன். ஆறாவது தடவை கழன்றதற்கு விளையாட்டெல்லாம் தேவைப்படவில்லை, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நின்றேன், டிரைவர் பிரேக் போட்டார், அவ்வளவுதான்.

தோள்மூட்டின் கிண்ணம் ரொம்ப மேலோட்டமானது, அதில் கை எலும்பின் பந்து போன்ற தலை உட்கார்ந்திருப்பது சாஸர் மேல் எலுமிச்சம்பழம் வைத்த மாதிரி. பழம் உருளாமல் காப்பதில் விளிம்பைச் சுற்றியுள்ள ஜவ்வுக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் தடவை கழலும்போதே பெரும்பாலும் அது முன்பக்கம் கீழே கிழிந்துவிடும். மூன்று சிறு துளை போட்டு, கேமரா வழியாகப் பார்த்து, எலும்பு விளிம்பில் ஆங்கர் (நூல் கோர்த்த குட்டி ஆணி) பதித்து, அதிலுள்ள நூலால் ஜவ்வை இழுத்துக் கட்டுவார்கள். இதுதான் பேங்கார்ட் ரிப்பேர்.

ஆனால் நீங்கள் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது எலும்பைப் பற்றி. ஒவ்வொரு முறை கழலும்போதும் கிண்ணத்தின் முன்விளிம்பு தேய்கிறது, பந்தின் பின்பக்கம் பள்ளமாகிறது. எம்ஆர்ஐ ஜவ்வைக் காட்டும், எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்று அளக்க சிடி ஸ்கேன்தான் நல்லது. கிண்ணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் ஜவ்வை மட்டும் தைத்து அனுப்புவது சரிவராது, திரும்பக் கழல வாய்ப்பு அதிகம். அப்போது லட்டார்ஜே என்று பக்கத்து எலும்பில் ஒரு துண்டை வெட்டி முன்னால் வைத்து ஸ்க்ரூ போடுவார்கள், அதைப் பெரும்பாலும் திறந்துதான் செய்கிறார்கள். எனக்கு அந்த எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது, மூன்று ஆங்கரோடு தப்பித்தேன்.

துளை சின்னது என்பதால் சீக்கிரம் ஆறிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். தோல் பத்து நாளில் ஆறிவிட்டது. ஆனால் ஸ்லிங் நாலு வாரம், சாய்ந்தபடியே தூக்கம், சட்டை மாட்டிவிட அம்மா. கையை வெளிப்பக்கம் திருப்பப் பிசியோ ஆறு வாரம் வரை விடவேயில்லை. கபடிக்கு ஆறு மாதம் கழித்துத்தான் அனுமதி, அதுவும் இரண்டு தோளிலும் பலத்தை அளந்து பார்த்த பிறகு.

அப்புறம் ஒன்று, ஆங்கருக்குத் தனியாக பில் போடுவார்கள். எத்தனை, என்ன விலை என்று முன்பே எழுதி வாங்கி இன்சூரன்ஸில் கேட்டுவிடுங்கள்.