விளையாட்டுக் காட்டவோ கிழமைக்கு ஒருக்கா லீவு போடுறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகனுக்கு 6 வயசு. இவர் கட்டாருக்குப் போனதுக்குப் பிறகு தங்கச்சிக்கு அடிக்கிறான், கடிக்கிறான், இரவில படுக்கையில மூத்திரம் போறான், முந்தி இப்பிடி இல்லை. பள்ளிக்கூடத்தால சொல்லி ஒரு உளவளத்துணையாளரிட்ட கிழமைக்கு ஒருக்கா லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போறன். அவ அவனோட மண்ணிலயும் பொம்மையிலயும் விளையாடுறா, ஒரு புத்திமதியும் சொல்லுறேல்ல. உள்ள என்ன நடந்தது எண்டு கேட்டாலும் சொல்லமாட்டாவாம். மாமி சொல்லுறா ரெண்டு அடி போட்டாக் காணும் எண்டு. போகவோ, விடவோ?
– ஒரு தாய், மானிப்பாய்

பதில்: போங்கோ தங்கச்சி, விடாதேங்கோ. அவ செய்யிறதுக்கு விளையாட்டுச் சிகிச்சை எண்டு பேர்.

ஆறு வயசுப் பிள்ளையிட்ட "உனக்கு என்ன கவலை?" எண்டு கேட்டா "ஒண்டுமில்லை" எண்டுதான் வரும். ஒளிக்கிறான் எண்டில்லை, சொல்லத் தெரியாது. ஆனா அவன்ர கையில ஒரு அப்பாப் பொம்மை, ஒரு பிளேன், ஒரு குட்டிப் பாப்பா குடுத்துப் பாருங்கோ, பிளேன் விழுந்து நொறுங்கும், பாப்பாவை மண்ணுக்குள்ள தாட்டுப்போட்டு வந்து நிப்பான். அவனுக்கு அதுதான் கதைக்கிறது. அமெரிக்காவில வேர்ஜினியா அக்ஸ்லைன் எண்டவ 1947ல இதைப்பற்றி ஒரு புத்தகமே எழுதினவ, அவ சொன்னதில முக்கியமானது பிள்ளை முன்னால போகட்டும், பெரியாக்கள் பின்னால போங்கோ, அவசரப்படுத்தாதேங்கோ எண்டதுதான். அதாலதான் உங்கட உளவளத்துணை மிஸ் புத்திமதி சொல்லுறேல்ல. அது வீட்டிலயும் பள்ளிக்கூடத்திலயும் தாராளமாக் கிடைக்குதுதானே.

ஆனா அங்க கட்டுப்பாடே இல்லை எண்டு நினைக்காதேங்கோ. அவன் மிஸ்ஸுக்குக் கை ஓங்கினா, "உனக்கு சரியான கோவம் எண்டு விளங்குது. நான் அடி வாங்கிறதுக்கு இல்லை. அந்தத் தலையணிக்கு அடி" எண்டு மூண்டு துண்டாச் சொல்லுவினம். முதல் கோவத்தை ஏத்துக்கொள்ளுறது, பிறகு எல்லையைச் சொல்லுறது, பிறகு வேற வழி காட்டுறது. இதை நீங்களும் தங்கச்சி விசயத்தில சொல்லிப் பாக்கலாம், அடுத்த நாளே மாறாது, ஆனா அடி போட்டா அவன் படிக்கிறது பெரிய ஆள் சின்ன ஆளுக்கு அடிக்கலாம் எண்டதைத்தான், அதைத்தானே அவன் இப்பவும் தங்கச்சிக்குச் செய்யிறான். மாமிக்கு இதை நீங்கள் சொல்லாதேங்கோ, மிஸ்ஸைக் கொண்டு சொல்லுவியுங்கோ, வீடு அமைதியா இருக்கும்.

உள்ள நடந்ததைச் சொல்லாததும் சரிதான். ஒவ்வொண்டையும் அம்மாட்டச் சொல்லுவா எண்டு தெரிஞ்சா அவன் விளையாடமாட்டான். ஆனா "பொதுவா எப்பிடிப் போகுது, நான் வீட்டில என்ன மாத்தோணும்" எண்டு நீங்கள் கேக்கலாம், கேக்கத்தான் வேணும், அவ அதுக்கு நேரம் ஒதுக்கோணும். பிள்ளைக்கு ஆபத்தான விசயம் ஏதும் தெரிய வந்தா மறைக்கமாட்டினம். வரேக்க ஓட்டோக்குள்ள வச்சு "என்ன விளையாடினீ, என்ன சொன்னவ" எண்டு துளாவுறதை மட்டும் விடுங்கோ.

எவ்வளவு காலம்? 2005ல விளையாட்டுச் சிகிச்சை பற்றின 93 ஆய்வுகளை ஒண்டாச் சேர்த்துப் பாத்ததில 35, 40 தரம் போனவைக்குத்தான் கூடின பலன் இருந்தது, அதுக்கு முதலே மாற்றம் தெரியிற பிள்ளையளும் இருக்கினம். துவக்கத்தில குழப்படி கொஞ்சம் கூடவும் செய்யும், பயந்து நிப்பாட்டிப் போடாதேங்கோ. ஒண்டு, நிண்டுபோன மூத்திரம் திரும்பத் துவங்கினது எண்டபடியா முதல்ல டொக்டரிட்டக் காட்டி மூத்திரம் சோதியுங்கோ. கிருமி, சீனி வருத்தம், மலச்சிக்கல் எண்டு உடம்புக் காரணமும் இருக்கலாம், எல்லாத்துக்கும் மனசுதான் காரணம் எண்டு நினைக்கக்கூடாது.

கேள்வி: பேத்திக்கு 5 வயசு, எல்லாத்துக்கும் அடம், நிலத்தில விழுந்து கத்துறாள். தாயும் தகப்பனும் வேலைக்குப் போகினம், நான்தான் பாக்கிறன். நெடுக யாழ்ப்பாணம் போய்வர என்னால ஏலாது, விளையாட்டுச் சாமான் வாங்கவும் காசில்லை. இந்த விளையாட்டுச் சிகிச்சையை வீட்டில செய்யலாமோ?
– அம்மம்மா, கரவெட்டி

பதில்: செய்யலாம் அம்மா. 1960களில பேர்னாட் கேர்னி, லூயிஸ் கேர்னி எண்ட புருசனும் பெண்சாதியும் தாய் தகப்பனுக்கே இதைப் பழக்கத் துவங்கினவை, நான் மேல சொன்ன 2005 கணக்கிலயும் பழகின பெற்றோர் செய்ததுக்குத்தான் பலன் கூட. முறையாப் பழகினா நல்லது, ஆனா துவங்க அது தேவையில்லை. கிழமையில ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம், அரை மணித்தியாலம். ஃபோன் தூர, ரிவி நிப்பாட்டி. அவள் சொல்லுற விளையாட்டுத்தான். "உது என்ன நிறம்? எண்ணு பாப்பம்" எண்டு ரியூசன் துவங்கிறேல்ல, அவள் செய்யிறதைப் பாத்து "சட்டியை மூடிப்போட்டாய்" "அந்தப் பிள்ளைக்குக் கோவம் போல" எண்டு சொன்னாக் காணும். முடிய அஞ்சு நிமிசத்துக்கு முதல் சொல்லிவிடுங்கோ.

சாமான் கடையில வேண்டாம். சிரட்டை, மண், பனங்கொட்டை, பழைய சீலைத் துண்டு, அட்டைப்பெட்டி, நீங்களே தைச்ச துணிப்பொம்மை. பற்றரி போட்டுத் தானாப் பாடுற பொம்மையை விட இது திறம், ஏனெண்டா இதில வேலை முழுக்க பிள்ளைக்குத்தான். குழப்படி செய்தவள் எண்டு அந்த அரை மணித்தியாலத்தை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ, அது பரிசும் இல்லை தண்டனையும் இல்லை.

கேள்வி: மூண்டாம் ஆண்டில ஒரு பொடியன்ர மாமா மோட்டச்சைக்கிள் விபத்தில செத்தவர். அவன் இடைவேளையில மற்றப் பிள்ளையளைச் சேர்த்து செத்தவீடு விளையாடுறான், பறை அடிக்கிறது, பாடை தூக்கிறது எல்லாம். ஆசிரியர்மார் அபசகுனம் எண்டு ஏசுறம். என்ன செய்யிறது?
– ஆசிரியை, சுன்னாகம்

பதில்: ஏசாதேங்கோ ரீச்சர், கிட்ட நிண்டு வடிவாப் பாருங்கோ. விளையாட்டு மாறுதோ? இண்டைக்கு ஒருத்தன் அழுறான், நாளைக்கு அம்புலன்ஸ் வருது, அடுத்த நாள் மாமா எழும்பி ரீ குடிக்கிறார் எண்டா அவன் தன்ர பாட்டில ஆறிக்கொண்டு வாறான். அமெரிக்காவில கடத்தப்பட்டுத் தப்பி வந்த பள்ளிக்கூடப் பிள்ளையளைப் பாத்த டொக்டர் லெனோர் ரெர் எழுதினது வேற மாதிரி விளையாட்டு, சந்தோசமே இல்லாம, ஒரு சொல் மாறாம, திரும்பத் திரும்ப, விளையாடி முடிஞ்சாலும் பிள்ளை இளகாம. அப்பிடி எண்டா, இல்லாட்டி நித்திரை, சாப்பாடு, படிப்பு குழம்பினா, தாயோட கதைச்சு போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கோ, அங்க காசு குடுக்கத் தேவையில்லை. "விசர் எண்டு சனம் சொல்லும்" எண்டு வீட்டுக்காரர் பின்வாங்கினா உங்கட பாடசாலை ஆலோசனை ரீச்சரையும் கூட்டிக்கொண்டு போய்க் கதையுங்கோ. பிள்ளைக்கு ஆரும் கொடுமை செய்யினம் எண்டு சந்தேகம் வந்தா மட்டும் பொறுக்க வேண்டாம், 1929 எண்ட சிறுவர் உதவி இலக்கத்துக்கு ஃபோன் எடுங்கோ.

மற்றது, இந்த விளையாட்டுச் சிகிச்சை வெள்ளைக்காரன்ர சாமான் எண்டு உங்கட ஸ்ராஃப் றூமில ஆரும் சொன்னா மட்டக்களப்பைச் சொல்லுங்கோ, அங்க 1996லயே, சண்டை நடக்கேக்கையே, வண்ணத்துப்பூச்சிப் பூங்கா எண்டு துவங்கி பிள்ளையளை மண்ணோடயும் நிறத்தோடயும் கதையோடயும் விட்டவை.

கேள்வி: மகனுக்கு 3 வயசு, இன்னும் ஒரு சொல்லும் கதைக்கிறானில்லை. விளையாட்டுச் சிகிச்சை சரிவருமோ?
– ஒரு தகப்பன், சாவகச்சேரி

பதில்: அது பிறகு. முதல்ல காது கேக்குதோ எண்டு சோதியுங்கோ, பிறகு பிள்ளை வைத்திய நிபுணரிட்டயும் பேச்சுச் சிகிச்சையாளரிட்டயும் காட்டுங்கோ. "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" எண்டு வீட்டில சொல்லுவினம், அதுக்காக நாலு வயசு மட்டும் இருக்காதேங்கோ, இந்தக் கிழமையே போங்கோ.